முதலில் இறங்கும் வழியைக் குறியுங்கள்

ஒரே நாளில் எத்தனை சிகரங்களை ஏறி முடிக்கலாம் என்ற கேள்வி மலையேறுவோரை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிகரத்தின் மேல் நிற்கும்போது அடுத்தது கண்ணெதிரே தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளத் துடிப்பது இயல்பு. அந்த ஆசையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கால்களின் பலத்தையும் மனத்தின் பொறுமையையும் ஒரு நீண்ட பகல் முழுவதும் சோதித்துப் பார்ப்பது மனிதருக்கு வாய்க்கும் நல்ல இன்பங்களில் ஒன்று. நான் குறை சொல்வது அதற்குத் திட்டம் போடும் முறையைத்தான். வரைபடத்தை விரித்ததும் சிகரங்களை வட்டமிடுகிறோம். அவற்றை ஒரு கோட்டால் இணைக்கிறோம். தூரத்தைக் கூட்டி, கிளம்பும் நேரத்தைக் குறித்து, திட்டம் தயார் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். முகட்டிலிருந்து எந்தெந்த இடத்தில் பத்திரமாக இறங்க முடியும், ஒவ்வொரு இடத்தையும் எத்தனை மணிக்குள் கடந்திருக்க வேண்டும், என்ன நிலை வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பவற்றை முதலில் எழுத வேண்டும். சிகரங்களின் பட்டியல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட மலையை வைத்துப் பேசுவது நல்லது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒயிட் மவுண்டன்ஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதில் நாட்டின் அதிபர்கள் பெயரைத் தாங்கிய சிகரங்கள் ஒரே முகட்டில் வரிசையாக நிற்கின்றன. வடக்கிலிருந்து மேடிசன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டன், மன்றோ, ஐசன்ஹோவர், பியர்ஸ். நடுவில் கிளே, கடைசியில் ஜாக்சன் என்று அதிபராக இல்லாதவர்கள் பெயரில் இன்னும் சில. இவற்றை ஒரே நாளில் கடப்பதை 'பிரசிடென்ஷியல் டிராவர்ஸ்' என்கிறார்கள். பாஸ்டன் நகரிலிருந்து சில மணி நேரக் கார் பயணம்தான் என்பதால் அங்கே வேலைக்குப் போய்க் குடியேறிய நம்மவர்களுக்கும் எட்டும் மலை இது. உயரத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. மிக உயர்ந்த வாஷிங்டன் சிகரமே 1,917 மீட்டர்தான். ஊட்டியின் தொட்டபெட்டா அதைவிட 700 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 44 பாகை வடக்கே, பல திசைப் புயல்கள் வந்து சேரும் இடத்தில் அது நிற்கிறது. அதன் உச்சியில் 1932 முதல் இயங்கும் வானிலை ஆய்வகம் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகில் அதை மிஞ்சிய பதிவு இல்லை. ஜூலையில்கூட உச்சியின் சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸை எட்டுவதில்லை. கடலிலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. இடுப்புயரக் குட்டை ஃபிர் புதர்களும் பாசி படர்ந்த பாறாங்கற்களும்தான் மிச்சம். டிராவர்ஸ் போகிறவர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம் இந்த மரமற்ற வெளியில், ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லாமல் நடக்கிறார்.

முதலில் கடிகாரத்தைக் கேட்போம். மொத்தத் தூரம் சுமார் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 9,000 அடி. எந்தச் சிகரத்தைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இந்தப் பாதை பதினோரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் 1876-இல் தொடங்கப்பட்ட அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் இந்த மலைகளுக்கென்று வெளியிடும் வழிகாட்டி நூல் இன்னும் நிதானமானது: மைலுக்கு அரை மணி, 1,000 அடி ஏற்றத்துக்கு அரை மணி. அந்தக் கணக்கில் பதினான்கரை மணி நேரம் வருகிறது. ஒரே பாதைக்கு இரண்டு மரியாதைக்குரிய சூத்திரங்கள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வேறுபடுகின்றன. இரண்டிலும் இறக்கத்துக்குத் தனி நேரம் கிடையாது. சாப்பிடவும் தண்ணீர் நிரப்பவும் உட்காரவும் நேரம் கிடையாது. மேடிசன், ஆடம்ஸ் பக்கம் பாதை என்பதே ஆட்டம் காணும் பாறாங்கற்களின் குவியல். அதில் இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று எந்த முழங்காலும் ஒப்புக்கொள்ளாது. ஜூன் மாதக் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் பதினைந்தரை மணி நேரம் இருக்கிறது. செப்டம்பர் பின்பகுதியில் அது பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இலையுதிர்காலத்தின் நிறங்களைப் பார்க்கக் கூட்டம் வரும் காலமும் அதுதான். ஜூனில் முடித்தவரின் குறிப்பைப் படித்துவிட்டு அக்டோபரில் கிளம்புகிறவர் நான்கு மணி நேர அளவுக்குப் பகலை இழந்த நிலையில்தான் முதல் அடியை வைக்கிறார். சிகரங்களின் எண்ணிக்கையில் இந்த இழப்பு எங்கும் தெரியாது. எந்த இடத்தை எத்தனை மணிக்கு என்று எழுத உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, வடக்கே அப்பலாச்சியா என்ற இடத்தில் சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். வேலி வே என்ற பாதை காட்டுக்குள்ளேயே ஆறு கிலோமீட்டர் ஏறி மேடிசன் ஸ்பிரிங் குடிலுக்குக் கொண்டுபோகிறது. கிளப்பின் கணக்கில் அங்கே சேரும்போது மணி ஏழே முக்கால் ஆகும். மேடிசன் உச்சிக்குப் போய்த் திரும்பி, ஆடம்ஸ் ஏறினால் பத்து மணியை நெருங்கும். ஜெஃபர்சன் பதினொன்று தாண்டி. வாஷிங்டன் உச்சியில் கால் வைக்கும்போது, எங்கும் உட்காராமல் நடந்திருந்தாலும், பிற்பகல் ஒன்றரை. அதற்குப் பிறகும் தெற்கே கிராஃபோர்ட் நாட்ச் சாலைக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் திறந்த முகடு. கோடையில் இடி மின்னல் கட்டும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில்தான் அவர் மிக உயர்ந்த இடத்தில் இருப்பார். இருந்தாலும் பெரும்பாலோர் இந்தப் பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடக்கிறார்கள். கடினமான ஏற்றமும் மோசமான பாறைகளும் காலையில் தீர்ந்துவிடுகின்றன. சோர்ந்த கால்களுக்கு மென்மையான கிராஃபோர்ட் பாதை மிஞ்சுகிறது. தெற்கே போகப்போக உயரம் குறைந்து மரங்கள் நெருங்கி வருகின்றன. தெற்கிலிருந்து கிளம்பினால் இருட்டும் நேரத்தில் மேடிசனின் கற்குவியல்களில் இறங்க வேண்டியிருக்கும். எந்தத் திசையில் நடப்பது என்ற முடிவிலேயே இறங்கும் கணக்கு ஒளிந்திருக்கிறது. அதை ஒரு படி மேலே கொண்டுபோய் பாதை முழுவதற்கும் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்த முகட்டின் வரைபடத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முகட்டை இணைத்துச் செல்லும் முதன்மைப் பாதைகளான கல்ஃப்சைடும் கிராஃபோர்டும் பெரும்பாலான உச்சிகளைத் தொடுவதில்லை. பக்கவாட்டில் ஒதுங்கிப் போகின்றன. ஆடம்ஸ் உச்சிக்கு ஒரு கிளைப் பாதை. ஜெஃபர்சனுக்கும் கிளேக்கும் மன்றோவுக்கும் ஐசன்ஹோவருக்கும் தனித்தனி வளையப் பாதைகள். வாஷிங்டன் உச்சியைக்கூட வெஸ்ட்சைட் என்ற பாதையால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கிராஃபோர்ட் பாதையின் தொடக்கம் 1819-இல் வெட்டப்பட்டது. கல்ஃப்சைட் அந்த நூற்றாண்டின் கடைசியில் உருவானது. ஒவ்வொரு உச்சியும் வேண்டுமானால் சேர்க்கலாம், வேண்டாமென்றால் விடலாம் என்ற அமைப்பு அந்தப் பாதைகளிலேயே இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கோட்டை விடுவது இதில்தான். உச்சியை விடுவது வேறு, முகட்டை விட்டு இறங்குவது வேறு. ஜெஃபர்சனைத் தவிர்த்தால் அரை மணி நேரம் மிச்சமாகும், காற்று குறையாது. நேரம் போதவில்லை என்றால் முதலாவது உதவும். வானம் கெட்டுவிட்டால் இரண்டாவது மட்டுமே உதவும். திட்டத்தில் இந்த இரண்டும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

இறங்கும் வழிகளும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. மேடிசன் குடிலிலிருந்து வேலி வே வழியாகத் திரும்பினால் சிறிது நேரத்தில் மரங்களுக்குள் போய்விடலாம். வண்டியும் அங்கேதான் நிற்கிறது. இந்தப் பாதையிலேயே மிக நல்ல வெளியேறும் வழி அதுதான். அது மிகச் சீக்கிரம், நாளின் உற்சாகம் வடியாத நேரத்தில் வந்துவிடுவது நம் கெட்ட நேரம். ஜெஃபர்சனிலிருந்து மேற்கே இறங்கும் கேப்ஸ் ரிட்ஜ் வரைபடத்தில் மிகக் குறுகிய கோடாகத் தெரியும். நேரில் அது செங்குத்தான மொட்டைப் பாறைகளின் வரிசை; மழை நனைத்தால் வழுக்கும், காற்றுக்கு முழுதாகத் திறந்திருக்கும். நல்ல வானிலையில் அது ஒரு வழி. இறங்க வேண்டிய அவசியம் வரும் வானிலையில் அது வழியே இல்லை. வாஷிங்டனைச் சுற்றி மேற்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஜூவல் பாதை சரிவில் மென்மையானது, ஆனால் மரங்களைச் சேரும்வரை மேற்குக் காற்றை முகத்தில் வாங்க வேண்டும். லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ் குடிலிலிருந்து இறங்கும் அம்மனூசக் பாதை சீக்கிரம் தாழ்ந்துவிடும், ஆனால் அருவியோரத்து ஈரப் பாறைகள் செங்குத்தானவை. கிழக்குப் பக்கம் கிரேட் கல்ஃப் என்ற பெரும்பள்ளம். மூடுபனியில் திசை தவறி அந்தப் பக்கம் இறங்குகிறவர் செங்குத்துச் சரிவையும், அதற்குப் பின் பல மைல் காட்டையும் கடந்துதான் சாலையைப் பார்ப்பார். ஐசன்ஹோவரிலிருந்து எட்மண்ட்ஸ் பாதையும் பியர்ஸிலிருந்து கிராஃபோர்ட் பாதையும் நல்ல வழிகள். மேற்கே இறங்கும் இவையெல்லாம் வேறு சாலைகளில் போய் முடிகின்றன. வண்டி அங்கே இருக்காது. இறங்கினால் எப்படித் திரும்புவது என்று தெரியாதவர் இறங்க மாட்டார், நடந்துகொண்டேதான் இருப்பார். அதனால் வாகன ஏற்பாடும் பாதுகாப்பின் பகுதியே. இரண்டாவது வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த எண்ணை அழைத்தால் யார் வருவார்கள் என்பது முதுகுப்பையில் உள்ள மழைச்சட்டைக்குச் சமம்.

உடல் வலிமை இருந்தால் இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 1900-ஆம் ஆண்டு ஜூன் 30-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் உச்சியில் நடந்த அப்பலாச்சியன் கிளப் கூட்டத்துக்காக வில்லியம் கர்டிஸும் ஆலன் ஆர்ம்ஸ்பியும் கிராஃபோர்ட் பாதையில் ஏறினார்கள். கர்டிஸ் அமெரிக்க அமெச்சூர் தடகளத்தின் தந்தை என்று அழைக்கப்பட்டவர்; அறுபதைத் தாண்டிய வயதிலும் மலை நடையில் பெயர் பெற்றவர். அன்று பிளெசன்ட் என்றும் இன்று ஐசன்ஹோவர் என்றும் அழைக்கப்படும் உச்சியின் பதிவேட்டில் மழைமேகத்தையும் கடுங்காற்றையும் குளிரையும் பற்றிக் குறிப்பு எழுதிவிட்டு மேலே போனார்கள். நிலைமை அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, கையெழுத்தாகவே பதிவானது. மேலே பனிக்கட்டி மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொள்ள, இருவரும் உச்சியை அடையவில்லை. கோடையின் நடுவில் நடந்த சாவு அது. அடுத்த ஆண்டே அந்தப் பகுதியில் ஒரு ஒதுங்குமிடம் கட்டப்பட்டது. 1915-இல் லேக்ஸ் குடில் எழுந்தது. அதற்கு நூற்றுச்சொச்சம் ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், கிளே சிகரத்தின் அருகே ஒருவர் அதேபோல் காற்றிலும் ஈரத்திலும் உடல் வெப்பம் இழந்து இறந்தார். இவர்களில் யாரும் சோம்பேறிகளோ அலட்சியக்காரர்களோ அல்லர். பதிவேட்டில் எழுதிய நிலைமைக்கு என்ன பதில் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கவில்லை, அவ்வளவுதான். முகட்டின் மேல் நின்று, உச்சி இன்னும் சிறிது தூரம்தான் என்ற நிலையில் எடுக்கும் முடிவு ஒருபோதும் நடுநிலையாக இருக்காது. குளிரில் உடல் வெப்பம் இறங்கும்போது முதலில் கெடுவதும் தீர்மானிக்கும் திறன்தான்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றும் இதே மலையிலேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2015 பிப்ரவரி 15 அன்று 32 வயதுப் பெண் ஒருவர், வேறு நாடுகளின் உயர்ந்த மலைகளை ஏறிய அனுபவம் உள்ளவர், வடக்குச் சிகரங்களை ஒரே நாளில் கடக்கத் தனியாகக் கிளம்பினார். அவர் கவனமாகத் திட்டமிட்டவர்; இடையில் இறங்கும் வழிகளும் அத்திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தன. மேடிசனில் ஏறி இறங்கியபின், வேலி வே வழியாகக் காட்டுக்குள் திரும்ப வாய்ப்பிருந்த இடத்தைத் தாண்டி ஆடம்ஸ் நோக்கிப் போனார். அன்று முகட்டில் காற்று மணிக்கு 160 கிலோமீட்டரையும் கடந்தது. மறுநாள் அவருடைய உடல் அந்த இரண்டு சிகரங்களுக்கும் இடையில் கிடைத்தது. இறங்கும் வழியைக் குறித்தும் பயனில்லையே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. என் பதில் இது: வழியைக் குறிப்பது பாதி வேலை. அதோடு நிபந்தனை கட்டப்படாவிட்டால் அந்தக் குறிப்பு, வேண்டுமானால் எப்போதும் இறங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தை மட்டும் கொடுத்து நம்மை இன்னும் கொஞ்சம் மேலே அனுப்பிவிடும். 'குடிலை எட்டரைக்குள் தாண்டியிருக்க வேண்டும். ஆய்வக முன்னறிவிப்பு இவ்வளவு வேகத்துக்கு மேல் காற்று என்றால் அங்கேயே திரும்ப வேண்டும். நிமிர்ந்து நடக்க முடியாத அளவுக்குக் காற்று தள்ளினால் மணி என்னவானாலும் திரும்ப வேண்டும்' என்று எழுதியிருந்தால்தான் அது வழி. நல்ல வெளியேறும் இடங்கள் நாளின் தொடக்கத்திலேயே வருவதால் நிபந்தனை அங்கேதான் மிகக் கடுமையாக இருக்க வேண்டும். நாம் வழக்கமாக நேர் எதிராகச் செய்கிறோம்: காலையில் நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொண்டு, மாலையில் கண்டிப்பாக இருப்போம் என்று நம்புகிறோம்.

இப்படித் திரும்பும் வழிகளையே எண்ணிக்கொண்டிருந்தால் மனம் தளர்ந்துவிடும், யாரும் பெரிதாக எதையும் சாதிக்க மாட்டார்கள் என்பது அடுத்த ஆட்சேபணை. இதற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பதில் சொல்கிறது. கெஸிக் ஊரில் விடுதி நடத்திய பாப் கிரஹாம் 1932 ஜூன் 13, 14 தேதிகளில் 42 சிகரங்களை 23 மணி 39 நிமிடத்தில் சுற்றி வந்தார். 66 மைல் தூரம், 27,000 அடி ஏற்றம். ஒரு நாளில் பல சிகரம் என்ற முயற்சிக்கே இலக்கணமாக இன்று கருதப்படும் சுற்று அது. அந்தச் சுற்று எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று பாருங்கள். திரெல்கெல்ட், டன்மெயில் ரைஸ், வாஸ்டேல், ஹானிஸ்டர் என்று சாலையைத் தொடும் நான்கு இடங்கள். அவற்றுக்கு இடையில் ஐந்து பகுதிகள். ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் எழுதப்பட்டிருக்கும். உணவும் மாற்றுத் துணியும் அங்கே காத்திருக்கும். தாமதமானால் வண்டியில் ஏறிவிடலாம். வாஸ்டேலில் இறங்கி நிற்பவருக்கு எதிரே மறுபடி ஒரு செங்குத்து ஏற்றம் காத்திருக்கிறது, பக்கத்திலேயே வண்டியும் நிற்கிறது. பலருடைய முயற்சி அங்கே முடிந்திருக்கிறது, முடிந்தவர்கள் இன்னொரு ஆண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். மலை ஓட்டக்காரர் கிலியான் ஜோர்னெட் 2018-இல் இதே சுற்றை 13 மணி நேரத்துக்குள் ஓடி முடித்ததும் இந்த ஐந்து பகுதி அமைப்புக்குள்தான். விலகும் இடம் தெளிவாக இருந்தது அவர்கள் மன உறுதியைக் குறைக்கவில்லை. எதை எங்கே யோசிக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால், மற்ற நேரமெல்லாம் அவர்கள் யோசிக்காமல் ஓட முடிந்தது.

எண்ணிக்கை மோகம் என்ன செய்யும் என்பதற்கு கொலராடோவின் டெமாக்ரட், கேமரன், லிங்கன், பிராஸ் வளையம் ஓர் எடுத்துக்காட்டு. நான்கும் 14,000 அடிக்கு மேல். சுற்றி வர ஏழு மைல்தான். கைட் லேக் என்ற ஏரிக்கரையில் 12,000 அடியிலேயே வண்டியை நிறுத்திவிடலாம். ஒரே நாளில் நான்கு என்ற பெயர் அதனால் சுலபமாகக் கிடைக்கிறது என்று தோன்றும். ஆனால் கோடையில் நண்பகல் தாண்டினால் இடிமேகம் திரள்கிறது. முகட்டில் மின்னலுக்கு உயரமான பொருள் மனிதன்தான். டெமாக்ரட்டை ஏறி இறங்கியபின் வரும் தாழ்வான இடத்தில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்கு நேரே இறங்கலாம். கேமரனைத் தாண்டி லிங்கனுக்குப் போய்விட்டால், வந்த வழியே மறுபடி உயரம் ஏற வேண்டும், அல்லது பிராஸ் பக்கமாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும். நான்காவதின் கதை இன்னொரு பாடம். பிராஸ் உச்சி தனியார் நிலம், பொதுமக்கள் செல்ல அனுமதி இல்லை. பாதை அதைச் சுற்றிப் போகிறது. எண்ணிக்கைக்காக வேலி தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் வழக்கு வரும் என்ற அச்சத்தில் நில உரிமையாளர் 2023-இல் மற்றச் சிகரங்களையும் மூடினார். நிலத்தின் ஒரு பகுதி வாங்கப்பட்டு வனத்துறைக்குப் போனதும், 2024-இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டதும் அதற்குப் பிறகு நடந்தவை. ஒருவரின் நான்காவது சிகரத்துக்கு ஆயிரம் பேர் விலை கொடுக்க நேர்ந்தது.

வேகமாகப் போனால் ஆபத்தில் இருக்கும் நேரமே குறையும், அதனால் சுமையைக் குறைத்து விரைந்து முடிப்பதே பாதுகாப்பு என்று வாதிடுவோரும் உண்டு. பழகிய கால்களுக்கு இதில் பாதி உண்மை இருக்கிறது. கணுக்கால் பிசகும் நொடி வரைதான் அது உண்மை. அதன்பின் வேகத்துக்காக வீட்டில் விட்டுவந்த கம்பளிச் சட்டையும் நெற்றி விளக்கும்தான் இரவைத் தீர்மானிக்கும். அப்படியானால் குடிலில் தங்கி இரண்டு நாளில் நடக்கலாமே என்றால், தாராளமாக நடக்கலாம். அது மட்டமான நடை அல்ல. வாஷிங்டன் உச்சிக்கு 1861 முதல் சாலையும் 1869 முதல் பற்சக்கர ரயிலும் இருக்கின்றன, அங்கே போய்விட்டால் வண்டி கிடைக்கும் என்று நம்புவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உச்சிக் கட்டடம் பருவகாலத்தில் பகலில் மட்டும் திறந்திருக்கும். இடம் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மேலும், நடக்க முடியாமல் போகிறவருக்கு வழி தொடரின் மிக உயர்ந்த புள்ளியில் இருக்கிறது என்பது என்ன திட்டம்?

கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் அவசரக்கால அழைப்புக் கருவியும் இருக்கும் காலத்தில் இந்தத் தாள் கணக்கு தேவையா என்பது கடைசிக் கேள்வி. கடுங்குளிரில் பேட்டரி வடிந்துவிடும். 2015-இல் அந்தப் பெண்ணின் அழைப்புக் கருவியிலிருந்து வந்த இருப்பிடக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தேடுவோரைத் திணறடித்தன. கருவி சரியாக இயங்கினாலும் அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் பறக்காது. ஆட்கள்தான் நடந்து ஏற வேண்டும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்; வேலையை விட்டுவிட்டு, இருட்டில், நாம் எந்தக் காற்றில் விழுந்தோமோ அதே காற்றுக்குள் வருகிறார்கள். அஜாக்கிரதையால் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வாங்க நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் இடமளிக்கிறது. 2015 முதல் அங்கே 'ஹைக் சேஃப்' அட்டை விற்கிறார்கள், அந்தப் பணம் மீட்புப் பணிக்குப் போகிறது. இது வரவேற்க வேண்டியது. ஆனால் மீட்பவர்களுக்கு அதைவிட உதவுவது நாம் வீட்டில் விட்டுச் செல்லும் காகிதம். 'எட்டு சிகரம், இரவு எட்டுக்குள் திரும்பிவிடுவேன்' என்று மட்டும் அதில் இருந்தால் 32 கிலோமீட்டரையும் அதன் இரு பக்கச் சரிவுகளையும் தேட வேண்டும். 'மேடிசன் குடில் 8 மணி, ஜெஃபர்சன் 11.30, லேக்ஸ் குடில் 3 மணி. தாமதமானால் முறையே வேலி வே, ஜூவல், அம்மனூசக் வழியாக இறங்குவேன். மழையில் கேப்ஸ் ரிட்ஜில் இறங்க மாட்டேன்' என்று இருந்தால் இரண்டு மூன்று பாதைகளில் ஆள் அனுப்பினால் போதும். எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் 911-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதி, அதைப் படித்துப் புரிந்துகொண்ட ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.